செயின்ட் செய்யா என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரில் அஸ்கார்ட் பகுதியைத் தவிர்த்துவிட்டு நேராகப் பொசைடன் பகுதிக்குப் போகலாமா?

போகாதீர்கள். நானே அப்படிப் போய் மாட்டிக்கொண்டவன், அதனால் சொல்கிறேன்.

உங்கள் நிலைமை தெரிகிறது. முதல் பகுதியில் நாயகர்கள் சண்டையிட்டுக் கடக்கும் பன்னிரண்டு மாளிகைகளையும் ஏறி முடித்து 73-ஆம் எபிசோடில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, 'அடுத்த 26 அஸ்கார்ட் எபிசோடும் ஃபில்லர், சும்மா இட்டு நிரப்பியது, மூலக் காமிக்ஸான மங்காவிலேயே இல்லை' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். என் விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் சொன்னார். நானும் நேராகப் பொசைடன் தொடங்கும் 100-க்குத் தாவினேன். நாயகர்கள் காக்கும் அதீனா தேவியின் அவதாரமான சாவோரி எப்படிக் கடலுக்குள் போனாள் என்று தெரியவில்லை. பொசைடனின் வீரனாகப் புல்லாங்குழலோடு வருகிற சொரெண்டோ ஏற்கெனவே ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தவன் என்பதும் தெரியவில்லை. கடனே என்று பார்த்து முடித்தேன்.

சீனியர் சொன்ன தகவல் பொய்யில்லை. மூல ஆசிரியர் குருமாடாவின் மங்காவில் அஸ்கார்ட் கிடையாது. 1986-இல் தொடங்கிய அனிமே மங்காவை எட்டிப் பிடித்துவிட்டதால், 1988-இல் தயாரிப்பு நிறுவனமான டோயெய் கதையைப் பனிநாட்டுக்குத் திருப்பியது. ஆனால் இட்டு நிரப்பியதாகவே இருந்தாலும் நன்றாக நிரப்பியிருக்கிறார்களா என்றுதானே பார்க்க வேண்டும்?

இனி கதையை உடைக்கப் போகிறேன், வேண்டாதவர்கள் விலகிவிடுங்கள்.

பனிநாடான அஸ்கார்டை ஆளும் ஹில்டாவின் விரலில் சபிக்கப்பட்ட நிபெலுங் மோதிரம் ஏறுகிறது. அதைக் கழற்ற அவளுடைய ஏழு வீரர்களிடமிருந்து ஏழு நீலக்கற்களை எடுக்க வேண்டும். அந்த ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு நட்சத்திரம்: டூபே, மெராக், ஃபெக்டா என்று வரிசையாகப் போகும். கல்யாணமான புதிதில் மச்சினனோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது, இது நம் சப்தரிஷி மண்டலம். அப்படியென்றால் மிசார் வசிஷ்டர். வசிஷ்டர் இருந்தால் பக்கத்தில் அருந்ததி இருந்தாக வேண்டுமே! மிசாரின் வீரன் சிட். தொடக்கத்திலேயே, நாயகர்கள் பக்கத்தில் தங்கக் கவசம் போட்ட ஆல்டெபரானை அவன் எப்படிச் சாய்த்தான் என்று யாருக்கும் புரியாது. "டேய், இவன் ஒருத்தன் இல்ல, ரெண்டு பேர்" என்றேன். "சும்மா இருங்க மாமா" என்றான். சில எபிசோடு கழித்து அருந்ததியான அல்கோர் நட்சத்திரத்தின் வீரன், சிட்டின் இரட்டைச் சகோதரன் பட் நிழலிலிருந்து வெளியே வந்தான். இரட்டைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று குழந்தையிலேயே காட்டில் விடப்பட்டவன். அன்றிலிருந்து மச்சினனிடம் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அருந்ததி என்றதும் வயிறு எரிகிறது. என் கல்யாணத்தில் காலை ஏழரை மணிக்கு, மண்டபத்து மின்விசிறியைக் காட்டி அருந்ததி பார்க்கச் சொன்னார்கள். வீடியோக்காரருக்காக மூன்று தடவை பார்த்தோம்.    சரி, அதை விடுங்கள்.

அஸ்கார்ட் வில்லன்களுக்குச் சண்டைக்கு வெளியேயும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஃபென்ரிர் ஓநாய்களோடு வளர்ந்தவன். தோர், ஏழைகளுக்காகத் திருட்டு வேட்டையாடியவன். யாழ் மீட்டும் மிமே, வளர்த்த தந்தையையே கொன்றவன். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்தில் மிமே வளர்க்கிற சீக்ஃப்ரீட்தான் மிமேயைக் கொல்வான். இங்கே அந்தப் பாவத்தை மிமே தலையிலேயே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். ஜெர்மன் கதையையும் நார்ஸ் புராணத்தையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். குழப்பம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் குழலோசை கேட்காமலிருக்கத் தன் காதைத் தானே குத்திக்கொண்டு சொரெண்டோவை நோக்கி டூபேயின் வீரன் சீக்ஃப்ரீட் நடக்கும் இடத்தில் எனக்குப் பாடபேதம் எதுவும் ஞாபகம் வரவில்லை.

கோளாறு நம் பக்கத்து நாயகர்களிடம்தான். ஷுன் அடி வாங்குவான், அண்ணன் இக்கி வந்து காப்பாற்றுவான். மிமேயிடமும் அதுவே, சிட்டிடமும் அதுவே. சாவோரியை மறுபடி ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். முன்பு மார்பில் அம்பு, இங்கே பனி உருகாமலிருக்கப் பிரார்த்தனை, அடுத்து கடலடித் தூணுக்குள் தண்ணீர். மங்கா ரசிகர்கள் அடிக்க வர வேண்டாம், மூன்றில் இரண்டு உங்கள் ஆசிரியர் எழுதியதுதான். நடுவில் நாலைந்து எபிசோடு இழுவை. அங்கே கைப்பேசியைப் பார்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை.

போன சித்திரையில் மாமனார் வீட்டு மொட்டை மாடியில் படுத்திருந்தோம். வடக்கே சப்தரிஷி பளிச்சென்று தெரிந்தது. வால் பக்கம் இரண்டாவது நட்சத்திரம், அதை ஒட்டி மினுக்கென்று ஒரு சின்னப் பொட்டு. என் மனைவியும் நானும் அருந்ததியை உண்மையில் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாயிலிருந்து மச்சினன் கேட்டான், "மாமா, அந்தச் சின்னதுதானே பட்டு?"

"பட்டா? அது யாரு?" என்றாள்.