லேட்டாகப் பேசுவான் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது. ஒரு வார்த்தைகூட வரவில்லை, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. மாமியார், "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான், விடு" என்கிறார். தனியார் தெரபிக்கு வசதியில்லை. – வாசகி, வியாசர்பாடி

பதில்: காத்திருக்காதீர்கள், சகோதரி. இந்த வயதில் இரண்டு சொல்லாவது சேர்த்துப் பேச வேண்டும். கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதிக்கணும், ஆட்டிசமா என்பதெல்லாம் அப்புறம். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போங்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். என்ன குறை என்று முடிவாகும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். செல்போனை எடுத்து வைத்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் "சோறு", "தண்ணி" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, அவன் கண்ணாலோ கையாலோ பதில் காட்டும்வரை பொறுங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் சொன்னால் கேட்பார்.