குழந்தைக்கு மயக்க ஊசி: பெரியவர்களின் அளவை எடைக்குத் தக்கபடி குறைத்தால் போதுமா?

நாலு வயதுக் குழந்தைக்கு மாறுகண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். மயக்க ஊசியின் அளவை எப்படி முடிவு செய்வார்கள், பெரியவர்களுக்கான அளவை எடைக்கு ஏற்பக் குறைத்துவிடுவார்களா என்பது கேள்வி. மொத்த மருந்து குறையும், சந்தேகமில்லை. ஆனால் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் குழந்தைக்குத்தான் கூடுதலாக வேண்டும்.

நரம்பு வழி மயக்கத்தில் (நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை) இன்று முதலில் கையில் எடுப்பது புரோபோஃபால். பால் போல வெள்ளையாக இருக்கும். ஒரு சதவீத மருந்தில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. உடல்நலமுள்ள பெரியவரை மயக்க நிலைக்குக் கொண்டுபோகக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மி.கி. போதும். 3 வயது தாண்டிய குழந்தைக்கு 2.5 முதல் 3.5 மி.கி. வேண்டும். மருந்து ரத்தத்தில் நுழைந்ததும் கலக்கும் இடம் கிலோ கணக்கில் குழந்தைக்குப் பெரிது. மருந்துப் பம்புகளில் இருக்கும் கணக்குமுறைகளையே பாருங்கள்: பெரியவர்களுக்கான மார்ஷ் முறை இந்த இடத்தைக் கிலோவுக்கு 228 மி.லி. என்று வைக்கிறது, குழந்தைகளுக்கான பீட்ஃபியூசர் 458 மி.லி. என்று வைக்கிறது. இரண்டு மடங்கு பெரிய குடத்தில் அதே சர்க்கரையைப் போட்டால் இனிப்பு ஏறாது. போதாக்குறைக்கு, கல்லீரல் மருந்தை வெளியேற்றும் வேகமும் குழந்தைக்குக் கிலோ கணக்கில் அதிகம்.

குழந்தையின் எடை 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 3 மி.கி. என்றால் 48 மி.கி., அதாவது 4.8 மி.லி. இதை ஒரே அழுத்தில் ஏற்றக்கூடாது. அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். வேகமாகப் போனால் மூச்சு நிற்கும், ரத்த அழுத்தம் சரியும். முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பட்டினி போட்ட குழந்தைக்கு இந்தச் சரிவு இன்னும் அதிகம். தண்ணீர் போன்ற தெளிவான பானங்களை 2 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்று சொல்வது இதற்காகவும்தான். புறங்கையின் சின்ன நரம்பில் புரோபோஃபால் நன்றாக எரியும். கிலோவுக்கு 0.5 மி.கி. லிக்னோகெயின் (மரத்துப்போக வைக்கும் மருந்து) முன்னால் போட்டால் எரிச்சல் பெருமளவு குறையும்.

மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகள் நிறைய வாந்தி எடுப்பார்கள். வாயு மயக்கத்தைவிடப் புரோபோஃபாலில் வாந்தி குறைவு என்பதால், ஆபரேஷன் முழுவதையும் ஊசி மருந்திலேயே நடத்துவது இங்கே நல்ல தேர்வு. இதில் பெரும்பாலான தவறுகள் நடப்பது முதல் ஊசியில் அல்ல, அதன்பின் சிரிஞ்ச் பம்பில் ஓடும் மருந்தில்.

பெரியவர்களுக்கு 10–8–6 என்று ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: முதல் 10 நிமிடம் கிலோவுக்கு மணிக்கு 10 மி.கி., அடுத்த 10 நிமிடம் 8, பிறகு 6. இதைக் குழந்தைக்கு வைத்தால் பற்றாது. குழந்தைகளுக்கென்று 1999-இல் மக்ஃபார்லனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கு வேறு. கிலோவுக்கு 2.5 மி.கி. முதல் ஊசி, பிறகு முதல் கால் மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு 15 மி.கி., அடுத்த கால் மணி 13, ஒரு மணி நேரம் ஆகும்வரை 11, அடுத்த ஒரு மணி 10, அதற்குமேல் 9. 3 முதல் 11 வயதுக்கான, ரத்தத்தில் மி.லி.க்கு 3 மைக்ரோகிராம் நிற்கவேண்டும் என்று போட்ட கணக்கு இது. நம் 16 கிலோ குழந்தைக்குப் பம்பில் மணிக்கு 24 மி.லி., பிறகு 20.8, பிறகு 17.6. அரை மணி நேரம் கழிந்த நிலையில் பெரியவர் வாய்ப்பாடு கொடுப்பது 9.6 மி.லி.தான். ஏறக்குறைய பாதி! தசைத் தளர்வு மருந்தும் போட்டிருந்தால் குழந்தை அசைந்து காட்டவும் முடியாது.

இந்த எண்கள் தொடங்கும் இடம்தான். ஃபென்டனில், ரெமிஃபென்டனில் போன்ற வலி நீக்கும் மருந்துகளும் கூட இருந்தால் குறைக்க வேண்டும். நாடி, அழுத்தம், மூளை அலை மானிட்டர் இவற்றைப் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே அந்த மானிட்டரின் எண்ணை நம்ப முடியாது. பிறந்த குழந்தைக்கு இந்த அட்டவணையே பொருந்தாது. மருந்தை உடைக்கும் நொதிகள் அப்போது முதிர்ந்திருக்காது. அதே வேகத்தில் ஓட்டினால் மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

கூடுதலாகக் கொடுத்ததற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் ரத்தத்தில் அளவு பாதியாகப் பெரியவருக்கு 6.7 நிமிடம், குழந்தைக்கு 10.4 நிமிடம். நாலு மணி நேரம் ஓட்டியிருந்தால் பெரியவருக்கு 9.5, குழந்தைக்கு 19.6. ஆபரேஷன் முடிந்தும் பிள்ளை கண் திறக்கவில்லையே என்று வெளியே பெற்றோர் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய விஷயம்.

மாறுகண்ணுக்கே உரிய ஆபத்து இன்னொன்று. கண் தசையைப் பிடித்து இழுத்ததும் நாடித் துடிப்பு திடீரென்று பாதியாகக்கூட விழும். புரோபோஃபாலில் இது சற்று அதிகமாகவே நடக்கும். முதல் வேலை, இழுப்பதை விடச் சொல்வது. பெரும்பாலும் அதிலேயே துடிப்பு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் துடிப்பை ஏற்றும் அட்ரோபின் மருந்து, கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். 16 கிலோவுக்கு 320 மைக்ரோகிராம். மி.லி.க்கு 0.6 மி.கி. உள்ள ஆம்பூலில் அரை மி.லி.க்குக் கொஞ்சம் மேல். இதை ஆபரேஷன் தொடங்கும் முன்பே உறிஞ்சி, லேபிள் ஒட்டி வைத்திருக்க வேண்டும். துடிப்பு விழுந்த பிறகு வகுத்துக்கொண்டிருக்க நேரம் இராது.

இனி, கணக்கெல்லாம் சரியாக இருந்தும் தப்பு நடக்கும் இடம். ஃபென்டனில் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்றால் இந்தக் குழந்தைக்கு 16 மைக்ரோகிராம். மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் உள்ள ஆம்பூலில் அது 0.32 மி.லி. கேனுலாவோடு (நரம்பில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) மாட்டிய எக்ஸ்டென்ஷன் குழாயும் த்ரீவேயும் (மூன்று வழித் திருகு) சேர்ந்து ஒரு மி.லி. அளவுக்குக்கூடத் திரவம் பிடிக்கும். அதாவது முழு மருந்தும் குழாயிலேயே நிற்கும். குழந்தைக்கு ஒரு சொட்டும் போயிருக்காது. வேலை செய்யவில்லையே என்று இன்னொரு முறை கொடுத்தால், அடுத்து ஏதாவது மருந்தைத் தள்ளும்போது இரண்டும் சேர்ந்து உள்ளே போகும். 2 மி.லி. ஆம்பூலை 10 மி.லி.யாகக் கரைத்தால் மி.லி.க்கு 10 மைக்ரோகிராம், 1.6 மி.லி. கொடுத்துவிட்டு உடனே சலைன் தள்ளினால் இந்தச் சிக்கல் இல்லை.

புரோபோஃபால் ஓடும் குழாயும் டிரிப்பும் ஒரே கேனுலாவில் சேர்ந்தால், டிரிப் பக்கம் பின்னோட்டத் தடுப்பு வால்வு வேண்டும். இல்லாவிட்டால் கேனுலா மடங்கியதும் மருந்து டிரிப் குழாய்க்குள் ஏறி நிற்கும். பம்ப் தன்பாட்டுக்கு ஓடும், குழந்தைக்கு மயக்கம் குறையும். மடிப்பை எடுத்ததும் தேங்கியது மொத்தமாகப் பாயும். கேனுலா நரம்பைவிட்டு நழுவி மருந்து தோலுக்கடியில் போனால் பம்பின் அலாரம் அடிக்கும் என்று நம்ப முடியாது. அதனால் கேனுலா உள்ள கையோ காலோ துணிக்கு வெளியே, கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது: அன்று காலை தராசில் எடை பார்க்கச் சொல்லுங்கள். வயதோடு 4 கூட்டி இரண்டால் பெருக்கும் கணக்கு அவசரத்துக்கு மட்டும்தான். திட்டமிட்ட ஆபரேஷனில் அதற்கு இடமில்லை. சளி, காய்ச்சல், ஆடும் பல், முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த தொல்லை எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து தியேட்டரைவிட்டு வெளியே வருமுன் கேனுலாவைச் சலைனால் கழுவினார்களா என்றும் தயங்காமல் கேட்கலாம். உள்ளே தங்கிய கொஞ்சம் தசைத் தளர்வு மருந்து, வார்டில் நர்ஸ் அடுத்த ஊசி போடும்போது உள்ளே போனால், அங்கேயே குழந்தையின் மூச்சு நின்றுபோகும்.