கிராணியார் காரும் மைலோ டின்னும்: கேள்வி பதில்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பழைய கார்களோடு மல்லுக்கட்டுபவர்கள் கேட்டவையும், என் பட்டறை அனுபவத்தில் நான் சொன்னவையும்.

கேள்வி: அங்கிள், தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். அவருடைய மோரிஸ் மைனர் பாதி பிரித்தபடி கொட்டகையில் கிடக்கிறது. நட்டு போல்ட்டெல்லாம் மைலோ டின்னில். கையில் ஐயாயிரம் வெள்ளிதான் (ரிங்கிட்). எங்கே தொடங்குவது?

பதில்: காரைத் தொடாதே தம்பி, முதலில் கெரானை, அதாவது காரின் பதிவுப் பத்திரத்தைத் தேடு. எஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் அதோடு ஒத்துப்போகின்றனவா பார். தாத்தா காலமாகி இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயாவில் விசாரித்து, வாரிசு வேலையை முடித்துக்கொண்டு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேவுக்குப் போ. அதுவரை ஒரு வெள்ளிகூடப் போடாதே. பேப்பர் இல்லாத கார் கோழி அடைக்கத்தான் ஆகும்.

அப்புறம் அந்த டின்னைப் பழைய பாயில் கொட்டு. இது வெள்ளைக்காரன் வண்டி, நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் 13 மில்லி ஸ்பேனர் ஏறும்தான். ஆனால் அரை அங்குலம் 12.7 மில்லி. அந்த இடைவெளி போதும், துருப்பிடித்த நட்டின் மூலை மழுங்கி உருண்டையாகிவிடும். பிறகு உளியும் சுத்தியலும்தான். அங்குல ஸ்பேனர் ஒரு செட், அதுவே உன் முதல் செலவு.

கேள்வி: எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது அண்ணே. ஸ்டார்ட்டர் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பிளக் நாலையும் கழற்று. டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விடு. பிறகு நாலாம் கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டு. அசைந்தால் சந்தோஷம். அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்று. முரட்டுத்தனம் செய்தால் பிஸ்டன் ரிங் உடையும்.

கேள்வி: கல்யாணத்துக்கு முன் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரியா?

பதில்: வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் அம்மா, பெயிண்ட் கடைசி. முதலில் பிரேக், முன் சக்கரம். இந்தக் காரில் முன் சக்கரம் திரும்பும் கிங்பின் தண்டின் அடிப்பக்கம் மரை போட்டு, ட்ரனியன் என்ற தாங்கிக்குள் முடுக்கியிருக்கும். கிரீஸ் காட்டாமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும், சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். லிந்தாங் ரோட்டில் எனக்கே நடந்தது. மெதுவாகப் போனதால் பிழைத்தேன். கிரீஸ் காட்ட மறந்தவனும் நானேதான்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே. அதன் போல்ட்டை உருவ விடாமல் ஸ்பிரிங் வேலை செய்யும் டோர்ஷன் பார் கம்பி குறுக்கே நிற்கும். அரை நாள் வேலை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: அடித்தட்டு துருவாகிவிட்டது. வெட்டி வெல்டிங் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். கதவுகளை மாட்டிவைத்து, பாடிக்குக் கீழே முட்டுக்கொடுத்து, ஒரு பக்கம் முடித்தபின் அடுத்த பக்கம். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் பாடி தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் சேராது.

கேள்வி: பேட்டரி மாட்டியதும் ரேடியோ புகைந்துவிட்டது!

பதில்: இப்போதைய கார்களைப் போல மைனஸ் இல்லை, இந்தக் காரில் பிளஸ்தான் பாடிக்குப் போகும். ரேடியோ போனது போனதுதான்.

கேள்வி: ரோடு டேக்ஸ் அதிகமா?

பதில்: 948 சிசி என்றால் வருடத்துக்கு 20 வெள்ளி. 1098 என்றால் 55. இந்தக் காரில் மலிவாக முடியும் ஒரே விஷயம் அதுதான்.