பிரேக் டக்ட்டுக்கு பம்புசெட் ஹோஸ் போடலாமா?

கும்பகோணத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பழைய போலோ கார் வச்சிருக்காரு, லீவு கெடைக்கும்போது சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு எடுத்துட்டுப் போறாரு, நாலஞ்சு லேப் வேகமா போனதும் பிரேக் பெடல் மெத்துன்னு உள்ள போயிடுதாம். பம்பர்லேர்ந்து முன் டிஸ்க்குக்கு காத்து கொண்டுபோக டக்ட் போடணும், வீட்டுல பம்புசெட்டோட பச்சை சக்‌ஷன் ஹோஸ் மிச்சம் கெடக்கு, கடையில கிச்சன் சிம்னிக்குப் போடுற அலுமினியம் பைப்பும் இருக்கு, சிலிகான் ஹோஸ் வெல ஜாஸ்தி, எதைப் போடலாம்ணேன்னு கேக்குறாரு.

தம்பி, மொத ரெண்டுமே வேணாம். சிலிகானே வாங்குங்க, ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டர் சுமாருக்குத்தான் ஆகும், காசை வேற எடத்துல மிச்சம் பிடிக்கலாம், அதையும் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. பெடல் மெத்துன்னு போகுதுன்னா பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி சேருதுன்னு அர்த்தம். பெடல் கல்லு மாதிரி நின்னுக்கிட்டு வண்டி மட்டும் நிக்கலேன்னா அது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேட் சூடேறி பிடிப்பு விட்டுட்டது. உங்களுக்கு மொத கேஸ். டாட் 4ங்கற தரத்து பிரேக் ஆயில் புதுசுல கொறஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கும், ஈரம் இழுத்துட்டா 155தான் கணக்கு. நம்ம ஊரு மாதிரி ஈரக்காத்து அடிக்கிற எடத்துல பழைய ஆயிலோட டிராக்குக்குப் போறது ரொம்ப ஆபத்து, அதனால மொதல்ல ஆயிலை மாத்தி, லைன்ல இருக்கற காத்து முழுக்க வெளியேற நல்லா ப்ளீட் பண்ணிடுங்க, டக்ட் அதுக்கப்புறம்தான்.

இப்ப ஹோஸுக்கு வருவோம். 140 கிலோமீட்டர் வேகத்துல வந்து 60க்கு இறக்குறீங்கன்னா, ரோட்டுல 80லேர்ந்து வண்டியை நிறுத்துறப்ப வர்ற சூட்டைப்போல ரெண்டரை மடங்கு வரும், அதுவும் லேப்புக்கு எத்தனை வளைவோ அத்தனை தடவை. டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுறது டிராக்குல சாதாரணம். அதுக்குப் பக்கத்துல போய் நிக்கப்போற ஹோஸ் இது. பச்சை சக்‌ஷன் ஹோஸ் பிவிசி, 80 டிகிரிக்குள்ளயே கொழகொழன்னு ஆயிடும், அதோட வெறப்பு ஜாஸ்தி, ஸ்டியரிங் திருப்பும்போது அதுக்கேத்த மாதிரி வளையாது. சிம்னி பைப் சூடு தாங்கும், ஆனா தாள் கனம்தான், திருப்பத் திருப்ப ஒரே மடிப்புல கிழியும், உள்ள அத்தனை சுருக்கம் இருக்கறதால காத்தும் மட்டுப்படும். கறுப்பு நியோப்ரீன் ஹோஸ் கொஞ்சம் மலிவா கெடைக்கும், அது 120, 150 டிகிரி வரைக்கும்தான், பம்பர் பக்கத்துக்கு சரி, சக்கரத்துக்கிட்ட வேணாம்.

ஆரஞ்சு கலர்ல வர்றதுதான் சிலிகான். கண்ணாடி நாரு துணியில சிலிகான் பூசி, உள்ள ஸ்பிரிங் கம்பி ஓடும், 250 டிகிரிக்கு மேலயும் தாங்கும். சின்ன விமானங்கள்ல இதே ஹோஸ்தான் ஓடுது, அங்கே ஒத்தை அடுக்கை ஸ்காட்னும் ரெட்டை அடுக்கை ஸ்கீட்னும் சொல்லுவாங்க. நீங்க ரெட்டை அடுக்கு கேளுங்க. கம்பி ரெண்டு துணிக்கும் நடுவுல மறைஞ்சிருக்கும், உள்பக்கம் வழவழன்னு இருக்கும், காத்து தடங்கல் இல்லாம போகும். ஆரஞ்சு கலரை மட்டும் நம்பி வாங்கிடாதீங்க, ஓரத்துல ஒரு துண்டு வெட்டி வெளியில வச்சு லைட்டர் காட்டுங்க, சிலிகான்னா வெள்ளைச் சாம்பல் உதிரும், கண்ணாடி நாரு அப்படியே நிக்கும். கறுப்புப் புகையோட நெடி அடிச்சு உருகினா அதைத் திருப்பிக் குடுத்துடுங்க.

சைஸ் 3 இஞ்சு. 2 இஞ்சுக்கும் இதுக்கும் பாக்க கொஞ்சம்தான் வித்தியாசம், காத்து போற வாய் ரெண்டேகால் மடங்கு பெருசு. எடம் இல்லேன்னா ரெண்டரை வரைக்கும் இறங்கலாம். ஹோஸை இழுத்து நீட்டிக் கட்டுங்க, தொளதொளன்னு விட்டா உள்ள மடிப்பு விழும்.

காசு மிச்சம் பிடிக்கிற எடம் ரெண்டு முனையும்தான். முன்பக்கம் ஃபாக் லேம்ப் ஓட்டையே போதும், காத்து நேரா மோதுற எடம். ஹோஸோட மறுமுனையில, முன் டிஸ்க்குக்குப் பின்னாடி வர்ற தகட்டை உங்க ஊர் டிங்கர் பட்டறையில ஒன்றரை எம்எம் அலுமினியத்துல வெட்டி, 3 இஞ்சு கழுத்து வச்சு வாங்கிடலாம். 3டி பிரிண்ட் பண்ணித் தர்றேன்னு யாராவது சொன்னா சக்கரத்துக்கிட்ட அதை வைக்காதீங்க, அதுக்குப் பெரும்பாலும் போடுற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலயே வளையும். அந்தக் கழுத்து எங்க பாக்கணுங்கறதுதான் முக்கியம், பலபேரு டிஸ்க்கோட முகத்துல அடிக்கிற மாதிரி வச்சுடுறாங்க, ஒரு பக்கம் குளுந்து ஒரு பக்கம் கொதிச்சா டிஸ்க் வளையும், வெடிப்பு விடும். உங்க முன் டிஸ்க் நடுவுல காத்து ஓடுற வெண்டிலேட்டட் டிஸ்க், காத்தை, சக்கரம் மாட்டுற நடுப்பாகமான ஹப்பை ஒட்டி நடுவாயில குடுத்தீங்கன்னா அதுவே சுத்துற வேகத்துல உள்ள இழுத்து வெளிய தள்ளிடும், ரெண்டு முகமும் சமமா குளுரும். பின்னாடி டிரம், அதுக்கு டக்ட் வேணாம்.

ரெண்டு முனைக்கும் ஸ்டீல் கிளாம்ப், சக்கரத்துப் பக்கம் பிளாஸ்டிக் டை வேணவே வேணாம். ஜாக்கியில தூக்கி ஸ்டியரிங்கை ரெண்டு கோடிக்கும் திருப்பிப் பாருங்க, அப்புறம் வண்டியை இறக்கி, ஆளை ஏத்தி, மறுபடி பாருங்க, டயரோ, ஆக்சில் மூட்டை மூடியிருக்கற ரப்பர் பூட்டோ உரசவே கூடாது. மொத செஷன் முடிஞ்சதும் ஹோஸோட வெளிப்பக்கத்தைத் தடவுங்க, வழவழன்னு பளபளப்பு ஏறியிருந்தா அங்க எதுவோ தேய்ஞ்சிருக்கு.

கடைசியா, இதைப் போட்டுட்டு ஊருக்குள்ள ஓட்டாதீங்க. சம்பா அறுப்பு நேரத்துல தை, மாசியில நம்ம பக்கம் ரோட்டுலயே நெல்லும் வைக்கோலும் காயுது, ஒரு பிடி வைக்கோல் பைப்புக்குள்ள போய் டிஸ்க்கு வாயில அடைச்சா தீப்பிடிக்கற பொருள் அது, ஐப்பசி மழையில குட்டைத் தண்ணி நேரா சூடான டிஸ்க்குல அடிச்சா அதுவும் கெடுதல். முன் ஓட்டை வாயில ஒரு கம்பி வலை வைங்க, ஆனா அது மட்டும் போதாது, டிராக்குலேர்ந்து கெளம்பும்போது ஹோஸைக் கழட்டி டிக்கியில போட்டுக்கிட்டு, ஃபாக் லேம்ப் ஓட்டைக்கு ஒரு மூடி மாட்டிட்டு வாங்க. கிளாம்ப்பை ஸ்க்ரூடிரைவர்ல திருப்புற மாதிரி வாங்கினீங்கன்னா அது சீக்கிரம் முடிஞ்சுடுற வேலை.