நார்மரின் பெயரும் பெசோர் களிமண்ணும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இஸ்ரேலின் தென்பகுதியில் உள்ள அராத்தில், எகிப்தின் முதல் அரசன் நார்மரின் பெயர் கீறிய பானைச் சில்லு கிடைத்ததாகப் படித்தேன். அப்படியென்றால் 5000 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்து அங்கே ஆண்டது என்றுதானே பொருள்?

கே.

அன்புள்ள கே,

அந்த ஒரு சில்லை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அரிக்கமேட்டில் ரோமானிய ஆம்போரா (மது, எண்ணெய் ஏற்றிவரும் ஜாடி) துண்டுகள் கிடைத்தன. ரோம் புதுச்சேரியை ஆண்டது என்று யாரும் சொல்வதில்லை. அராத் சில்லின் மண் எகிப்துடையது. எகிப்தில் வனைந்த ஜாடி சரக்கோடு வந்திருக்கிறது, எத்தனை கை மாறியதோ.

நீங்கள் பார்க்கவேண்டிய இடம் ‘என் பெசோர்’ என்ற ஊர். நெகேவ் பாலைவனத்தின் வடமேற்கில், ஊற்றை ஒட்டி ஒரு சின்ன மண்செங்கல் கட்டடம். 1970களில் தொல்லியலாளர் ராம் கோப்னா அகழ்ந்தபோது, சரக்கை மூடி எகிப்திய முத்திரை பதித்த களிமண் துண்டுகள் ஏறக்குறைய 90 கிடைத்தன. எகிப்தின் முதல் அரச வம்சக் காலத்தவை. எகிப்தில் மூடி முத்திரையிட்ட சரக்கென்றால் அதில் நைல் மண் இருக்கவேண்டும். இவை உள்ளூர் மண். ஆகவே முத்திரை வைத்திருந்த அதிகாரி அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். கூடவே எகிப்திய ரொட்டி அச்சுகளும் கிடைத்தன. சொரசொரப்பான, விலைபோகாத பண்டம். யாரும் அதை வணிகத்துக்கு ஏற்றிவர மாட்டார்கள். எகிப்திய ரொட்டி தின்பவர்கள் அங்கே குடியிருந்தார்கள், அவ்வளவுதான்.

மண் எந்த ஊருடையது என்று அறிய, சில்லில் ஒரு சீவல் வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பார்கள். நுண்ணோக்கியில், முனைவாக்கிய (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியில் குவார்ட்ஸ் மணிகள் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரிந்தால் தடிமன் சரி; மஞ்சள் தட்டினால் இன்னும் தேய்க்கவேண்டும். நைல் வண்டலில் மைக்கா (அப்பிரகம்) மின்னும். நெகேவில் காற்று கொண்டுவந்து படியவைத்த மண்ணில் நுண் குவார்ட்ஸோடு சுண்ணாம்பு கலந்திருக்கும். சிக்கல் இங்கேதான்: சூளையில் 800 டிகிரி தாண்டினால் சுண்ணாம்பு சிதைந்து தடயம் மங்கிவிடும். அப்போது தனிமங்களை அளந்து பார்க்கவேண்டும். முத்திரைக் களிமண்ணை யாரும் சூளையில் வைப்பதில்லை என்பதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் முதுகையும் திருப்பிப் பார்க்கவேண்டும். கயிறா, துணியா, நாணலா, எதன்மேல் அப்பினார்கள் என்ற தடம் அங்கேதான் இருக்கும்.

என் கணிப்பில், எகிப்திலிருந்து வரும் கடலோரப் பாதையிலும் அதில் தண்ணீர் கிடைக்கும் இடங்களிலும் எகிப்திய அரசின் ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கை அராத் வரை நீண்டது என்று காட்ட, உள்ளூர் மண்ணில் ஒரு முத்திரைத் துண்டாவது அங்கே கிடைக்கவேண்டும்.