மெக்கெய்சர் மைதானத்தில் மேட்ச், அதுவும் போயா நாளில்

தம்பி, நீங்கள் நான்கு பேர் மட்டக்களப்பிலிருந்து வந்து, திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் மேட்ச் பார்த்துக்கொண்டே பியர் குடிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். முதலில் கலண்டரைப் பாருங்கள். நீங்கள் சொன்ன நாள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. நாடு முழுக்க மது விற்பனை இல்லை, ஹோட்டல் பாரும் பூட்டுத்தான். அன்றைக்குக் கிடைக்கும் ஒரே பியர் ஜிஞ்சர் பியர்!

முதல் நாளே வாங்கி மைதானத்துக்குள் கொண்டுபோகலாம் என்று யோசிக்க வேண்டாம். பொது இடத்தில் போத்தலைத் திறந்தால் பொலிஸ் வரும், மேட்ச் பாதியில் போய்விடும். பக்கத்தில் குடும்பத்தோடு வந்தவர்களும் இருப்பார்கள்.

என்னைக் கேட்டால், மேட்ச் அன்று கடலை, வடையோடு விளையாட்டைப் பாருங்கள். முடிந்ததும் டவுனில் சூடாக ஒரு கொத்து ரொட்டி. இரவு தங்கிவிட்டு, மறுநாள் பின்னேரம் உப்புவெளிப் பக்கம் போங்கள். கடற்கரையோரம் பார் உள்ள ஹோட்டல்கள் இருக்கின்றன. கணவாய் டெவில் (காரமாக வதக்கிய கணவாய்) கேளுங்கள், பியருக்கு அதை அடிக்க வேறொன்று இல்லை. விலையை மட்டும் முதலே கேட்டுவிடுங்கள், சுற்றுலாக் காலத்தில் அங்கே கை கடிக்கும்.

அப்புறம், உங்களோடு வரும் 19 வயதுத் தம்பிக்குச் சோடாதான். 21 ஆகாதவருக்கு மது விற்கச் சட்டம் இடம் கொடுக்காது. மோட்டார் சைக்கிள்களைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள், திரும்பி வரவும் அதே ஓட்டோக்காரரிடம் பேசி வையுங்கள்.