ஆயில் குறைந்தால் பயப்படாதீர்கள், குறையாவிட்டால் பயப்படுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்த என் சித்தப்பா ஊர் திரும்பும்போது கொண்டுவந்த 2004 மாடல் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் இப்போது என்னிடம் இருக்கிறது. ரோட்டரி எஞ்சின். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் குறைந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக், பிஸ்டன் ரிங் மாற்றி எஞ்சினைப் போர் செய்ய வேண்டும், அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்த வேண்டும் என்று எண்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். ஆயில் கடைக்காரர், முழு சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் குறையவே குறையாது என்கிறார். இன்னொருவர், லாரிக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றுங்கள், கெட்டியாக நிற்கும் என்கிறார். எந்த ஆயில் ஊற்றுவது? யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: மூவர் பேச்சையும் கேட்காதீர்கள். முதலில் அந்த எண்பதாயிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரில் பிஸ்டன் கிடையாது. பிஸ்டன் இல்லாத எஞ்சினில் பிஸ்டன் ரிங் எங்கிருந்து வரும்? சிலிண்டரே இல்லாதபோது எதைப் போர் செய்வார்? அவர் எஞ்சினைப் பார்க்காமல் விலை சொல்லியிருக்க வேண்டும், அல்லது பார்த்தும் புரியாமல் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவர் கையில் அந்தக் காரை ஒப்படைக்கக் கூடாது.

ஆயில் குறைவது உங்கள் எஞ்சினுக்கு நோய் அல்ல. குறையும்படியேதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு ஆட்டுக்கல் போதும். குழிக்குள் குழவி சுவரை ஒட்டி உருண்டு சுழல்கிறது அல்லவா? உங்கள் எஞ்சினில் குழியின் இடத்தில் இடுப்பு சற்றே சிறுத்த நீள்வட்டக் கூடு இருக்கிறது. குழவியின் இடத்தில் மூன்று முனை கொண்ட ரோட்டர். அப்படி இரண்டு கூடுகள். ஒவ்வொன்றும் 654 சிசி, சேர்த்தால் 1308. ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டை கூட்டின் சுவரை உரசியபடியே ஓடுகிறது. அதை அபெக்ஸ் சீல் என்பார்கள். அந்த உரசல் உலர்ந்துவிட்டால் சீல் தேயும், சுவர் கீறும், அழுத்தம் போய்விடும். அப்புறம் எஞ்சினை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

மாவு ஆட்டும்போது இடையிடையே கையால் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தத் தண்ணீர் மாவோடு போய்விடுகிறது. ஆட்டுக்கல் ஒழுகுகிறது என்று யாரும் கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை. உங்கள் எஞ்சினிலும் ஆயில் மீட்டரிங் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்கு நீங்கள் ஊற்றிய ஆயிலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எரிபொருள் எரியும் அறைக்குள் தெளிப்பதுதான் அதன் வேலை. அந்த ஆயில் சீலை நனைத்துவிட்டு பெட்ரோலோடு எரிந்துபோகிறது. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அதில் 2டி ஆயிலுக்கு, அதாவது டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு எரியும் ஆயிலுக்குத் தனித் தொட்டி இருந்தது, உங்கள் காரில் இல்லை, அவ்வளவுதான்.

ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கலின் இந்த எஞ்சினை ஜப்பானில் மாஸ்டா பொறியாளர்கள் எடுத்துச் சோதித்தபோது, கூட்டின் சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்துகொண்டே இருந்தது. அதைப் பேயின் நகத்தடம் என்றே அவர்கள் அழைத்தார்கள். சீலை மாற்றி மாற்றிச் செய்து அந்தக் கீறலை ஒழித்த பிறகுதான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அந்தச் சீலைக் காப்பாற்றத்தான் உங்கள் கார் ஆயில் குடிக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு முதல் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போவது இந்த எஞ்சினில் சாதாரணம். உங்கள் கணக்கு அதற்குள்தான் வருகிறது.

இனி ஆயிலுக்கு வருவோம். மற்ற கார்களில் ஆயில் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் போதும். உங்கள் காரில் அதற்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு: எரிய வேண்டும், எரிந்தபின் மிச்சம் வைக்காமல் போக வேண்டும். லாரி ஆயில் இங்கேதான் தோற்கிறது. கேனில் 15டபிள்யூ-40, சிஐ-4 என்று போட்டிருக்கும் டீசல் ஆயில் மட்டமானது அல்ல. லாரிக்கு அருமையான ஆயில். டீசல் எஞ்சினின் கரியையும் அமிலத்தையும் சமாளிக்க அதில் உலோக உப்புகளைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். அவை எரிந்தால் சாம்பலாகும். லாரியில் அந்த ஆயில் எரிவதற்காக ஊற்றப்படுவதில்லை, உங்கள் காரில் எரியும். சாம்பல் போய் சீல் உட்காரும் பள்ளத்தில் அடைத்துக்கொள்ளும். சீல் அசையாமல் ஒட்டிக்கொண்டால் அழுத்தம் போயிற்று.

முழு சிந்தெடிக் ஊற்றினால் குறையாது என்று சொன்ன கடைக்காரர் விஷயம் தெரியாமல் பேசுகிறார். எந்த ஆயில் ஊற்றினாலும் பம்ப் தன் அளவை எடுக்கத்தான் செய்யும். விலை உயர்ந்த ஆயில் என்பதற்காக அது விட்டுவைக்காது. சிந்தெடிக் ஆயில் ரோட்டரிக்கு ஆகுமா ஆகாதா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அதற்குள் உங்களை இழுத்துவிட எனக்கு விருப்பமில்லை. எரிந்துபோவதற்கென்றே ஊற்றும் ஆயிலுக்கு இரட்டை விலை கொடுக்காதீர்கள், அந்தப் பணத்தில் இன்னொரு முறை ஆயில் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

நீங்கள் வாங்க வேண்டியது பெட்ரோல் கார்களுக்கான செமி சிந்தெடிக் அல்லது நல்ல மினரல் ஆயில், 10டபிள்யூ-40. தரக்குறியீடு ஏபிஐ எஸ்எம் அல்லது எஸ்என். அது கிடைக்காத நாளில் 10டபிள்யூ-30. இதே எஞ்சினுக்கு அமெரிக்காவில் 5டபிள்யூ-20 என்றும் வேறு பல நாடுகளில் 5டபிள்யூ-30 என்றும் மாஸ்டாவே சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரே ஓர் எண்தான் வேதம் என்று யாராவது சாதித்தால் நம்ப வேண்டாம். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிர்காலத்துக்கானது. மார்கழி விடியற்காலையிலும் நம் ஊரில் பனி உறைவதில்லை. பின்னால் இருக்கும் எண்தான் உங்களுக்கு முக்கியம். மே மாதத்தில் நாற்பது டிகிரி வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று நகரும் எஞ்சினுக்கு 40 சற்றுத் தெம்பு கொடுக்கும்.

எண்களை இத்தோடு நிறுத்துகிறேன். எந்த எண்ணை வாங்குகிறீர்கள் என்பதைவிட, கேனுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதுதான் என்னைப் பல இரவுகள் தூங்கவிடாத கேள்வி.

என் பட்டறைக்கு ஒரு வேன் வந்தது. உரிமையாளர் பில்லெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். பெயர் பெற்ற கம்பெனி ஆயில், சீல் உடைக்காத கேன், சொன்ன தேதியில் மாற்றம். எஞ்சினைத் திறந்தால் உள்ளே வண்டல் தார் போல அப்பியிருந்தது. கேன் அசல்தான், உள்ளே இருந்த ஆயில் போலி. காலிக் கேன்கள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன. அங்கிருந்து சுத்தமான கேன்களைப் பொறுக்கி, கழிவு ஆயிலை வடிகட்டி, நிறம் சேர்த்து, புது மூடி போட்டு விற்கிறார்கள். ஏமாந்தவர் ஆறு மாதம் கழித்து எஞ்சினோடு வருகிறார். அதற்குள் கேனும் இல்லை, சாட்சியும் இல்லை.

இதோடு கூப்பன் பழக்கம் ஒன்று இருக்கிறது. பல ஆயில் கேன்களில் மெக்கானிக்குக்கென்று ஊக்கக் கூப்பன் வைக்கிறார்கள். நேர்மையான மெக்கானிக்குகள் ஏராளம், அவர்களை நான் சொல்லவில்லை. ஆனால் எந்த ஆயிலில் கூப்பன் பெரிதோ அதுவே உங்கள் வண்டிக்கு ஏற்றது என்று சொல்லப்படுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். ஆகவே ஆயிலை நீங்களே வாங்குங்கள். கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். கேனில் இருக்கும் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பீப்பாயிலிருந்து பிடித்துக் கொடுக்கும் லூஸ் ஆயில் என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம். ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஊற்றி முடித்ததும் காலிக் கேனில் ஆணியால் நான்கு ஓட்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஓட்டை விழுந்த கேனை யாரும் மறுபடி நிரப்ப முடியாது.

கழிவு ஆயில் அபாயக் கழிவு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் வீட்டில் மூன்று லிட்டர் கழிவு ஆயிலை வைத்துக்கொண்டு நிற்பவர் அதை மதுரையில் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? வாங்கிக்கொள்ள ஒரு மேசை, ஒரு பீப்பாய், ஒரு ரசீது வைக்க இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆயில் சாக்கடைக்குப் போகிறது, அல்லது மறுபடி கேனுக்குள் வருகிறது.

தரகர்களும் உங்களைத் தேடி வருவார்கள். ஆயில் எரிக்கும் வண்டிக்கு எஃப்சி கிடைக்காது, பதிவைப் புதுப்பிக்க முடியாது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்பார்கள். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆயில் குடிப்பது அதற்குத் தடையில்லை. வெளிவரும் புகையைத்தான் அளப்பார்கள். ஆர்சி புத்தகத்தில் சிலிண்டர் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் இதற்கு என்ன எழுதுவது என்று அலுவலகத்தில் யாராவது தடுமாறலாம். பழைய புத்தகத்தில் இருப்பதையே காட்டுங்கள். அதற்காகத் தரகருக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். என்றாவது ஒரு மாதம் ஆயில் குறையாமல் நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். அன்றுதான் நீங்கள் பயப்பட வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ஒன்று, மீட்டரிங் பம்போ அதன் குழாயோ வேலை செய்யாமல் நின்றிருக்கலாம். அப்படியென்றால் சீல் உலர்ந்து ஓடுகிறது. கைநீர் தெளிக்காமல் அரைக்கும் ஆட்டுக்கல்தான் அது. இரண்டாவது, ஆயில் போன அளவுக்கு பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கலாம். திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் வரை போய்விட்டுத் திரும்புவது போன்ற குட்டிப் பயணங்களே நாள்தோறும் நடந்தால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. எரியாத பெட்ரோல் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருக்கும், சில சமயம் கூடியும் இருக்கும். எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, விரலில் தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் தண்ணீர் போல ஓடினால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அன்றே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு நீண்ட ஓட்டம் ஓடியும் அளவு அசையவில்லை என்றால் பம்ப்பைச் சோதிக்க வேண்டும். அதைச் சரிசெய்யும் வரை ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், லிட்டருக்குப் பத்து மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுங்கள். கேனில் ஜேசோ எஃப்டி என்ற தரக்குறியீடு இருக்க வேண்டும்.

பம்ப் நன்றாக வேலை செய்யும் காரிலும் லிட்டருக்கு ஐந்து மில்லி கலக்கும் பழக்கம் ரோட்டரி வைத்திருப்பவர்களிடம் உண்டு. செய்யலாம், கட்டாயமில்லை. அளவைக் கூட்டினால் சைலன்சர் பக்கம் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெடும்.

குளிர்ந்த எஞ்சினை இயக்கி, வண்டியைக் கழுவுவதற்காக ஷெட்டிலிருந்து பத்தடி நகர்த்திவிட்டு உடனே நிறுத்தாதீர்கள். பெட்ரோல் சீலின் ஆயிலைக் கழுவிவிடும், மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. இயக்கினால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வரும்வரை ஓடட்டும். வாரம் ஒருமுறையாவது நான்கு வழிச் சாலையில், எஞ்சின் நன்கு சூடான பிறகு, இரண்டாம் கியரில் ஆறாயிரம் சுற்றுவரை கொண்டுபோங்கள். கரி வெளியேறும். இந்த எஞ்சின் அடக்கி ஓட்டினால்தான் கெடும்.

ஆயில் பிரஷர் காட்டும் முள்ளை நம்பாதீர்கள். உங்கள் மாடலில் அது பிரஷர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டும், அளவைக் காட்டாது. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். எஞ்சின் பலவீனமாகிவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தால், உள்ளே அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லலாம். ஆனால் அதற்கு ரோட்டரிக்கான தனிக் கருவி வேண்டும். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று எண்கள் காட்டுவதே சரியான கருவி. ஒரே எண்ணைக் காட்டி எஞ்சின் போய்விட்டது என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபில்டரோடு மாற்றும்போது சுமார் மூன்றரை லிட்டர் பிடிக்கும். நான்கு லிட்டர் வாங்குங்கள். ஆயில் கூலர்களில் பழைய ஆயில் கொஞ்சம் தங்கும், அதனால் ஒரேயடியாக நான்கையும் ஊற்றிவிடாமல் அளவு பார்த்துப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். மிஞ்சும் அரை லிட்டரை இறுக மூடி, துணியில் சுற்றி டிக்கியில் வையுங்கள். ராமேஸ்வரம் போகும் வழியில் இரவில் ஆயில் விளக்கு எரிந்தால் பரமக்குடியில் கடை தேடி அலைய வேண்டியிருக்காது.